21 நாளும் 37 நாளும்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், வீட்டுக் கடன் தவணை கட்டத் தவறியவர்களின் வீடுகள் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடையில் கவுண்டி, அதாவது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு, குறித்த இடத்தில் ஏலம் விடப்படுகின்றன. பெரும்பாலும் வழக்கு, தீர்ப்பு எதுவும் தேவைப்படுவதில்லை. ஏலத்துக்குக் குறைந்தது 21 நாட்களுக்கு முன் கடன் வாங்கியவருக்குப் பதிவுத் தபால் அனுப்பி, கவுண்டி எழுத்தரிடம் தாக்கல் செய்து, அறிவிப்பை நீதிமன்றத்தில் ஒட்டிவிட்டால் போதும். இப்படி வெளியாகும் ஏல அறிவிப்புகளின் பட்டியலைப் பார்த்து, ஏலத்துக்கு முன்பே வீட்டுக்காரரின் கதவைத் தட்டி, ரொக்கத்துக்கு வீட்டை வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்வதுதான் சில ஆண்டுகளாக என் தொழில்.

தொடக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனபோது கணவர் வெளியே சென்றிருந்தார், மனைவிதான் கதவைத் திறந்தார். ஏலத் தேதியைச் சொல்லி, அதற்குள் முடிவெடுக்க உதவ வந்திருக்கிறேன் என்று நான் பேசத் தொடங்கியதும் அவர் முகம் மாறியது. வீடு ஏலத்துக்கு வந்திருப்பதே அவருக்குத் தெரியாது. தபால்களை எல்லாம் கணவரே வாங்கி எங்கோ வைத்திருந்திருக்கிறார். தம்பதி குடியிருக்கும் வீட்டை விற்க அந்த மாநிலச் சட்டப்படி இருவருமே கையெழுத்திட வேண்டும் என்பதால், அவருக்கு என்றைக்காவது தெரிந்தே ஆக வேண்டும். ஆனால் அது முன்பின் தெரியாத ஒரு முதலீட்டாளனின் வாயால் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அன்றிலிருந்து, பத்திரத்தில் பெயர் உள்ளவர் நேரில் வந்து நின்றாலொழிய வந்த காரியத்தை நான் வாசலில் சொல்வதில்லை.

ஆனால் இந்தத் தொழிலில் என்னை அதிகம் உறுத்தியது இரண்டு எண்களுக்கு இடையிலான இடைவெளி. 2014 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள கூட்டாட்சி விதிப்படி, சொந்தக் குடியிருப்பு வீட்டுக்கு 120 நாட்களுக்கு மேல் தவணை நிலுவையில் இருந்தால்தான் பொதுவாக ஏல நடவடிக்கையைத் தொடங்க முடியும். தவணையைக் குறைப்பது, நிலுவையைக் கடனோடு சேர்ப்பது போன்ற சலுகைகளைக் கேட்டு வீட்டுக்காரர் முழுமையான விண்ணப்பம் கொடுத்தால், அது ஏலத்துக்கு 37 நாட்களுக்கு மேல் இருக்கும்போதே போய்ச் சேர்ந்திருந்தால், அதைப் பரிசீலித்து முடிக்கும்வரை கடனை நிர்வகிக்கும் பெரிய நிறுவனங்கள் ஏலத்தை நடத்தக் கூடாது. டெக்சஸிலோ ஏல அறிவிப்பு பெரும்பாலும் 21 நாள் கெடுவை ஒட்டித்தான் வெளிவருகிறது. அதற்கு முன் அனுப்பப்படும் தவணை தவறிய அறிவிப்பு, நிலுவையைக் கட்ட 20 நாள் அவகாசம் தரும் அந்தக் கடிதம், எந்தப் பொதுப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. அதாவது, ஏலத்தை நிறுத்தக்கூடிய அந்த விண்ணப்பத்தின் காலம் முடிந்த பிறகுதான் ஒருவருடைய பெயர் எங்கள் பட்டியலுக்கு வருகிறது. எங்களில் யாரும் திட்டமிட்டுச் செய்த ஏற்பாடு அல்ல இது. ஆனாலும் எங்களுக்கு இதைவிட வசதியாக யாரும் ஏற்பாடு செய்திருக்க முடியாது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பழுது பார்த்தபின் 3 லட்சம் டாலர் போகும் வீடு, பழுதுச் செலவு 30,000, கடன் பாக்கி 1,70,000 என்று வைத்துக்கொள்வோம். எங்கள் வட்டாரத்தில் எல்லாரும் சொல்லும் 70 சதவீத விதிப்படி, பழுது பார்த்தபின் போகும் விலையில் 70 சதவீதமான 2,10,000-இல் பழுதுச் செலவைக் கழித்து 1,80,000-க்குக் கேட்க வேண்டும். வீட்டுக்காரர் கைக்கு வருவது 10,000. ஏலத்திலேயே யாராவது 2 லட்சத்துக்கு எடுத்தால், கடனும் செலவுகளும் போக மிஞ்சுவது சட்டப்படி வீட்டுக்காரருக்குத்தான், அதே வீட்டின்மேல் அடுத்த நிலைக் கடன் ஏதும் இல்லாவிட்டால். ஆக, ஏலத்திலிருந்து காப்பாற்ற வந்தேன் என்று சொல்லிக்கொள்ளும் நான், ஏலத்தைவிட மோசமான விலையைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். என்னோடு தொழில் செய்கிறவர்கள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

இப்போதெல்லாம் முதலில் கேட்பது, வீட்டை வைத்துக்கொள்ள விருப்பமா, அல்லது வீட்டின் மதிப்பில் கடன் போக மிஞ்சும் பணம் கைக்கு வந்தால் போதுமா என்பதைத்தான். வைத்துக்கொள்ள விரும்பினால், அரசு அங்கீகாரம் பெற்ற வீட்டுவசதி ஆலோசகரிடம் கட்டணமின்றிப் பேசலாம் என்றும், திவால் சட்டத்தின் 13-ஆம் அத்தியாயப்படி ஏலத்துக்கு முன் மனு செய்தால் பொதுவாக ஏலம் நிற்கும் என்பதால் வழக்கறிஞரைப் பார்க்கலாம் என்றும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன். பெரும்பாலானோர் நம்புவதில்லை. ஒரே வாரத்தில் என்னைப் போன்ற பலருடைய கடிதங்களைப் பார்த்தவர்கள் அவர்கள், நம்பாததில் வியப்பில்லை.

மனைவியை இழந்து தனியாக இருந்த முதியவர் ஒருவர், ஏலத்துக்கு 18 நாட்கள் இருக்கும்போது, பிரிக்கப்படாத உறைகள் நிறைந்த ஒரு பையை என் முன் மேசையில் கொட்டினார். இருவரும் உட்கார்ந்து தேதி வாரியாக அடுக்கினோம். சலுகைக்கான விண்ணப்பப் படிவம் கிட்டத்தட்ட மூன்று மாதங்களுக்கு முன்பே வந்திருந்தது. அதைப் பிரித்துக் காட்டியபோது அவர் நெடுநேரம் படித்தார்; பிறகு, வீடு வேண்டாம், மகளிடம் போய்விடுகிறேன் என்றார். தரகர் மூலம் விற்றால் கூடுதலாகக் கிடைக்கும், ஆனால் வங்கிக் கடனில் வாங்குபவருக்கு இந்த நாட்கள் போதாது, கடனை நிர்வகிக்கும் நிறுவனம் ஏலத்தைத் தள்ளிவைக்கச் சம்மதித்தால்தான் உண்டு என்று விளக்கினேன். அன்று பிற்பகல் இருவருமாகத் தொலைபேசியில் கேட்டுப் பார்த்தோம், சம்மதிக்கவில்லை.

அந்த வீட்டை நான்தான் வாங்கினேன். 70 சதவீத விதியைவிடக் கணிசமாகக் கூடக் கொடுத்தேன். அப்படியும் எனக்கு லாபம் நின்றது. அந்த உறையை அவர் உரிய காலத்தில் பிரித்திருந்தால் என்னிடம் விற்றிருப்பாரா என்பதை இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை. ஏலத்துக்கு நான்கு நாள் முன்பு பத்திரம் முடிக்கும் அலுவலகத்துக்கு அந்தப் பையோடுதான் வந்திருந்தார். கையெழுத்தெல்லாம் முடிந்தபின், இவற்றை என்ன செய்வது என்று கேட்டார். வரிக் கணக்குக்குத் தேவைப்படலாம், வைத்திருங்கள் என்றேன்.