அம்மம்மாவின் அப்பளமும் ஒரு அடிமட்டமும்

கனடாவில் இருக்கும் சித்தப்பா மல்லாவிக்கு வந்து நின்ற ஒரு மாதமும் விறகடுப்புப் புகை கண்ணைக் கரிக்குது என்று புலம்பிவிட்டு, போகிற நேரம் ஒரு மைக்ரோவேவை வாங்கி வைத்துவிட்டுப் போனார். அம்மம்மா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "நெருப்பு எங்கையடா இருக்கு?"

எனக்கும் தெரியவில்லை. காலையில் மிஞ்சின புட்டை இரவு அதற்குள் வைத்தால் ஒரு கரை நாக்கைச் சுடும், மற்றக் கரை ஃபிரிட்ஜுக்குள் இருந்த அதே குளிரில் கிடக்கும். பெட்டிதான் பழுதோ என்று நினைத்துத்தான் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

உள்ளே மக்னெட்ரோன் என்று ஒரு குழாய், ரேடாருக்கு வைத்திருந்த சாமான். 1945இல் அமெரிக்காவின் ரேதியன் கொம்பனியில் பேர்சி ஸ்பென்சர் என்பவர் அதற்குப் பக்கத்தில் நின்றபோது பொக்கெட்டில் இருந்த இனிப்பு உருகிவிட்டதாம், அதிலிருந்து வந்ததுதான் இந்தப் பெட்டி. அது விடும் அலை ஒரு செக்கனுக்கு 245 கோடி தடவை அதிர்கிறது. தண்ணீர் மூலக்கூறின் ஒரு பக்கம் நேர் மின், மறுபக்கம் மறை மின் என்பதால், அலை திசை மாறும் போதெல்லாம் அதுவும் திரும்ப முயன்று பக்கத்து மூலக்கூறுகளை இடித்துத் தள்ளுகிறது. அந்த இடிபாடுதான் சூடு. ஐஸில் மூலக்கூறுகள் இறுகிக் கிடப்பதால் இந்த ஆட்டம் எடுபடாது. ஐஸாகிப்போன விராலை வைத்தால் முதலில் உருகின கரை வெந்துவிடும், நடு கல்லாகவே இருக்கும். உள்ளிருந்து வெளியே வேகும் என்று சிலர் சொல்வதும் சும்மா, அலை இரண்டு மூன்று சென்ரிமீற்றர்தான் உள்ளே போகும்.

"நெருப்பில்லை அம்மம்மா, புட்டில இருக்கிற தண்ணிதான் சுடுது" என்றேன். "அப்ப தண்ணி தெளிச்சு மூடி வையன்" என்றார். நான் இரண்டு நாள் வாசித்த விஷயம்! தெளித்து மூடி வைத்தேன், ஆவி எல்லா இடமும் பரவி, நீத்துப்பெட்டியில் இருந்து அப்போதுதான் கொட்டின மாதிரி வந்தது.

சரி, அந்தச் சூட்டுத் திட்டுகள் எங்கே விழுகின்றன? சுழலும் தட்டை எடுத்துவிட்டு, ஒரு காட்போட் மட்டையில் பொரிக்காத அப்பளம் ஆறைப் பரப்பி உள்ளே வைத்தேன். அரை நிமிடம். அங்கங்கே வெள்ளையாகப் பொரிந்து குமிழி விட்டிருந்தது, இடையில் பொரியாமல் மஞ்சளாகவே கிடந்தது. பெட்டிக்குள் அலைகள் சுவரில் பட்டுத் திரும்பி ஒன்றோடொன்று கலந்து, சில இடங்களில் பலமாகவும் சில இடங்களில் ஒன்றுமில்லாமலும் நிற்கின்றன. தட்டுச் சுழல்வதே இதற்காகத்தான். தம்பியின் அடிமட்டத்தை வைத்துப் பார்த்தால் வெள்ளைக்கும் வெள்ளைக்கும் இடையே ஓரிடத்தில் ஐந்தரை, இன்னோரிடத்தில் ஏழு, அனேகமாக ஆறு சென்ரிமீற்றர். அது அரை அலையின் நீளம், அப்போ முழு அலையின் நீளம் 12. அதைச் செக்கனுக்கு வரும் 245 கோடி அதிர்வால் பெருக்கினால் அலையின் வேகம், செக்கனுக்கு ஏறக்குறைய 29 கோடி மீற்றர். இந்த அலையும் ஒளியின் இனம்தான், ஒளியின் வேகம் கிட்டத்தட்ட 30 கோடி! குசினியில் நின்று கத்திவிட்டேன்.

பக்கத்து வீட்டு மாமி, பெட்டியின் கதிர்வீச்சு வெளியே வந்து வருத்தம் வரும் என்று பயந்து வாசலிலேயே நின்றார். கதவுக் கண்ணாடியில் இருக்கும் உலோக வலையைக் காட்டினேன்: 12 சென்ரிமீற்றர் அலை அந்தச் சின்ன ஓட்டைகளால் வெளியே வராது. அவர் நம்பின மாதிரித் தெரியவில்லை.

அம்மம்மா மட்டையை எட்டிப் பார்த்தார். "ஆறு அப்பளத்தையும் பழுதாக்கிப்போட்டாய்" என்று ஏசிக்கொண்டே, எல்லாவற்றையும் அள்ளிப்போய் விறகடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைத்தார்.