ஐ.சி. (உள் எரி) என்ஜின் தாள்: தீப்பொறிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள்

டிப்ளமோ ஆட்டோ ரிசல்ட் வந்துவிட்டது; இந்தத் தாள் தேறியதில் பெரிய நிம்மதி. அடுத்து எழுதுகிறவர்களுக்கு: நான்கு ஸ்ட்ரோக் எல்லாருக்கும் தெரியும். மார்க் போவது எரிதல் பகுதியில். அதிலும் ஒரே கேள்வி: பிஸ்டன் டி.டி.சி.க்கு (சிலிண்டரில் அது ஏறும் உச்சிப் புள்ளி) வருமுன்பே பிளக்கில் ஏன் பொறி விழுகிறது?

"பெட்ரோல் வெடிக்கிறது" என்று எழுதவே எழுதாதீர்கள். பிளக் முனையில் சிறு தீக்கரு பிடித்து, அங்கிருந்து தீமுகப்பு அறை முழுக்கப் பரவுகிறது. கரு பிடிக்கும் கட்டத்தில் அழுத்தம் ஏறுவதே தெரியாது. அதற்கு ஆகும் நேரம் என்ஜின் வேகத்தோடு பெரிதாகக் குறையாது. கிராங்க்கோ சுற்றிக்கொண்டே இருக்கும். கணக்கோடு காட்டுங்கள்: 1 மில்லிவினாடி என்று வைத்தால் 1000 ஆர்.பி.எம்.மில் 6 டிகிரி, 3000-இல் 18 டிகிரி. வேகம் கூடக்கூட அட்வான்ஸ் (டி.டி.சி.க்கு எத்தனை டிகிரி முன்பே பொறி விழுகிறது என்பது) கூட்டுவது இதனால்தான். உச்ச அழுத்தம் டி.டி.சி. தாண்டி 15 டிகிரி வாக்கில் வர வேண்டும். அழுத்தம்–கிராங்க் கோண வரைபடத்தைக் கை பழகும்வரை வரையுங்கள். மற்ற எல்லாம் அதிலிருந்தே வந்துவிடும்.

த்ராட்டில் பாதி திறந்திருந்தால் கலவை அடர்த்தி குறைவு, எரிவதும் மெதுவாக. வாக்குவம் அட்வான்ஸ் (என்ஜின் உறிஞ்சும் வெற்றிடத்தால் பொறியை முன்தள்ளும் அமைப்பு) அதற்காக.

மனப்பாடம்:
- முழுதாக எரியக் காற்று–பெட்ரோல் எடையில் 14.7:1. அதிக பவருக்கு 12.5–13.
- இக்னிஷன் காயிலில் பிரைமரி சுருளின் மின்னோட்டம் துண்டிக்கப்படும்போதுதான் செகண்டரி சுருளில் ஹை வோல்டேஜ்.
- நாக்கிங்: பொறிக்குப் பின், தீமுகப்பு எட்டாத கடைசிக் கலவை தானே பற்றுவது. ப்ரீ-இக்னிஷன்: பொறிக்கு முன்பே, சூடேறிய கரிப்படிவு பற்றவைப்பது.
- கம்ப்ரெஷன் ரேஷியோ (சிலிண்டரில் இடம் எத்தனை மடங்கு சுருங்குகிறது என்பது) கூட்டினால் பெட்ரோலில் நாக்கிங் கூடும், டீசலில் குறையும்.

பிராக்டிகலில் பிளக்கைக் கழற்றியதும் துடைக்காதீர்கள். வைவா அதன் நிறத்தில்தான் இருக்கிறது. இளம்பழுப்பு சரி. வறண்ட கரி என்றால் கலவை ரிச் (பெட்ரோல் அதிகம்), அல்லது பொறி வீக். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ரிங் அல்லது வால்வ் சீல். வெளுத்துக் கொப்புளித்திருந்தால் லீன் (பெட்ரோல் குறைந்த) கலவை, அதிக அட்வான்ஸ், இல்லை ஹீட் ரேஞ்ச் (பிளக் சூட்டை வெளியேற்றும் அளவு) தவறு.

கேப் (இரு எலக்ட்ரோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி) மேனுவலில் உள்ளபடி. பைக் பிளக்கில் பெரும்பாலும் 0.6–0.8 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) லேசாக உரசிப் போக வேண்டும். பக்க எலக்ட்ரோடை மட்டும் வளையுங்கள். நடுவில் நெம்பினால் பீங்கான் விரிசல் விடும்.

பொறி பார்க்க, பிளக்கின் மரைப்பகுதியை என்ஜினில் எர்த் ஆகும்படி வையுங்கள், ஆனால் பிளக் துளையிலிருந்து நன்கு தள்ளி; அதில் வரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். வெளியே நீலமாகச் சொடுக்கும் பொறிகூட உள்ளே கம்ப்ரெஷனில் தவறலாம். அதையும் எக்ஸாமினரிடம் சொல்லிவிடுங்கள்.