முகமூடியைத் திருப்பிப் பாருங்கள்

நைஜீரியாவின் இக்போ மக்களுடைய முகமூடி என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த வெள்ளை முகம்தான். ஒடுங்கிய மூக்கு, சின்ன வாய், உச்சியில் சீப்புபோல எழும்பும் கொண்டை. தென்கிழக்கு நைஜீரியாவின் ஆவ்கா வட்டாரத்தில் இதை 'அக்போகோ ம்முவோ' என்பார்கள். கன்னி ஆவி என்று பொருள். கட்டி ஆடுவது ஆண்கள். முகத்தின் வெள்ளை ஐரோப்பியரைக் குறிப்பதல்ல, ஆவியுலகின் தூய்மை அது.

மரம் பெரும்பாலும் ஒக்வே. வெளிர் நிறம், எடை மிகக் குறைவு, உளிக்கு இணங்கும். இரோகோ மரம் உறுதியானதுதான், ஆனால் அந்தக் கனத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு யார் ஆடுவது? அது கதவுக்கும் முக்காலிக்கும் போகும்.

பச்சை மரத்தில் வாச்சியால் உருவம் இறக்கி, கத்தியாலும் உளியாலும் கண், காது, கொண்டையை எடுப்பார்கள். மரம் காயும்போது ஆரப்போக்கைவிட (நடுவிலிருந்து பட்டை நோக்கி) வளையப்போக்கில் (வளையங்களை ஒட்டிச் சுற்றி) ஏறக்குறைய இரு மடங்கு சுருங்கும். அதனால் மரத்தின் நட்ட நடுவிலுள்ள நடுத்தண்டு உள்ளேயே தங்கினால் வெடிப்பு நிச்சயம். உட்புறத்தை ஆழக் குடைவது தலை நுழைய மட்டுமல்ல, அந்த நடுத்தண்டை வெளியேற்றவும்தான். கன்னம் மெலிந்து நெற்றி தடித்துப் போனால், மெல்லிய பகுதி முந்திக் காய்ந்து இழுக்கும். இரண்டும் சேரும் இடத்தில் கீறல் விழும்.

பிறகு சொரசொரப்பான இலையால் தேய்ப்பு. முகத்துக்கு 'ன்ஸூ' என்ற வெள்ளைக் களிமண், புருவத்துக்கும் கொண்டைக்கும் கரி. களிமண் உதிரும், திரும்பப் பூசுவார்கள். பல முறை ஆடிய முகத்தில் பூச்சு தடித்து, உதட்டோரக் கோடுகள்கூட மழுங்கியிருக்கும்.

வாங்க நினைப்பவர்கள் முன்பக்கத்தை விட்டுவிடுங்கள். விளிம்பைச் சுற்றியுள்ள துளைகள், உடைத் துணியைத் தைத்துக் கட்டுவதற்கானவை. ஆடியதில் நூல் உரசித் துளையின் ஓரம் வழவழப்பாகும். நெற்றியும் தாடையும் படும் இடம் மட்டும் வியர்வையில் கறுக்கும். உள்ளே எல்லா இடமும் ஒரே பழுப்பு, துளையோரம் கூர்மை என்றால், அது உண்மையில் ஆடிய முகம்தானா என்று எனக்குச் சந்தேகம்தான்.

இந்தக் கன்னி முகத்துக்கு நேர் எதிர் 'ம்க்பெதிகே' முகமூடி: பெரிய கறுத்த முகம், கொம்பு, பல். புகழ்பெற்ற 'இஜெலே' முகமூடியை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. சுமார் 4 மீட்டர் உயரமுள்ள அது மூங்கிலும் துணியும். செதுக்கு வேலையே அல்ல.

வீட்டில் வைத்திருப்பவர்கள் ஈரத்துணி போடாதீர்கள், ன்ஸூ கையோடு வந்துவிடும். மென்தூரிகை போதும். அடியில் புது மரத்தூள் கொட்டிக் கிடந்தால் துளைப்பான் வண்டு உள்ளே இருக்கிறது. மற்ற மரச்சாமான்களிடமிருந்து உடனே பிரித்து வையுங்கள்.