ஜிடிஎக்ஸ் 1060 வைத்திருப்பவர்களுக்கு: முதலில் கார்டா, மானிட்டரா?

2016-இல் வந்த என்விடியாவின் கிராபிக்ஸ் கார்டு ஜிடிஎக்ஸ் 1060 இன்னும் எத்தனையோ வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. 10 சீரிஸ் கார்டுகளுக்கான கேம் ரெடி டிரைவர்களை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். இந்தச் செய்திக்காக மட்டும் கார்டைக் கழற்ற வேண்டாம். இன்று ஓடுகிற கேம் டிரைவர் நின்றதால் நாளைக்குப் படுத்துவிடாது. நிஜமான தடை வேறு: 'டூம்: த டார்க் ஏஜஸ்' மாதிரி கேம்கள் ரே டிரேசிங் (ஒளி போகும் பாதையைக் கணக்கிட்டு வரைவது) வன்பொருள் உள்ள கார்டைக் கட்டாயமாகக் கேட்கின்றன. செட்டிங்கை எவ்வளவு குறைத்தாலும் 1060-இல் அது நடக்காது. நீங்கள் ஆட நினைக்கும் கேம்கள் இந்த ரகமா இல்லையா என்று பார்த்தாலே பாதி முடிவு வந்துவிடும்.

மீதிப் பாதிக்கு அளந்து பார்க்க வேண்டும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளும் அதோடு வரும் ரிவாடியூனரும் போதும். ஜிபியு (கார்டின் சிப்) லோடு, வெப்பம், விரேம் (கார்டின் சொந்த நினைவகம்), ஃபிரேம் டைம் நான்கையும் திரையில் வரவையுங்கள். இதில் பலர் சறுக்கும் இடம் வி-சிங்க், அதாவது ஃபிரேம்களைத் திரையின் ரிஃப்ரெஷ் வேகத்தோடு கட்டிப்போடும் செட்டிங். அதை ஆனில் விட்டால் 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) 60-இலேயே நிற்கும், ஜிபியு லோடு 50 சதவீதம் காட்டும். உடனே 'பிராசஸர் இழுக்கவில்லை' என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். வி-சிங்க், ஃபிரேம் லிமிட் இரண்டையும் ஆஃப் செய்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். லோடு 97, 98 என்று ஒட்டிக்கொண்டிருந்தால் கார்டுதான் திணறுகிறது. 70, 80-இல் ஆடிக்கொண்டே எஃப்பிஎஸ் குறைவாக இருந்தால் ரெசொல்யூஷனை 720-க்கு இறக்கிப் பாருங்கள். அப்போதும் எஃப்பிஎஸ் ஏறவில்லை என்றால் தடை பிராசஸரில் அல்லது ரேமில் இருக்கிறது. புதுக் கார்டு போட்டாலும் அதே எண்தான் வரும். டாஸ்க் மேனேஜரில் சிபியு 55 சதவீதம் என்று காட்டுவதை நம்ப வேண்டாம். ஒரே ஒரு கோர் முழுதாக நிரம்பினாலும் எஃப்பிஎஸ் அதற்கு மேல் ஏறாது, சராசரியில் அது தெரியாது. ஒற்றை 8 ஜிபி ரேம் குச்சியோடு ஓடும் பிசி என்றால் இன்னொன்று வாங்கி டூயல் சேனல் ஆக்குவதுதான் முதல் செலவு.

வெப்பத்தையும் பாருங்கள். 1060 சுமார் 83 டிகிரியைத் தொட்டதும் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பல வருடத் தூசியைத் தட்டி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்டை மாற்றினாலே இழந்த வேகம் திரும்பி வரலாம்.

இனி மானிட்டர். வாலரன்ட், சிஎஸ் 2 (கவுன்டர்-ஸ்டிரைக் 2) மட்டுமே ஆடுபவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், முதலில் மானிட்டர்தான். வாலரன்ட்டில் குறைந்த செட்டிங்கில் 1060 நூறு ஃபிரேமை எளிதாகத் தாண்டும். 60 ஹெர்ட்ஸ் திரை அதில் பெரும்பகுதியை வீணடிக்கிறது. 60-இல் ஒரு ஃபிரேம் திரையில் 16.7 மில்லி செகண்ட் நிற்கும், 144-இல் 6.9. மவுஸை வேகமாகத் திருப்பும்போது இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கார்டின் ஃபிரேம் வேகத்துக்கு ஏற்பத் தன் ரிஃப்ரெஷை மாற்றிக்கொள்ளும் ஃப்ரீசிங்க் மானிட்டர் 1060-லும் வேலை செய்யும், ஆனால் டிஸ்ப்ளேபோர்ட் வழியாக மட்டும்தான். எச்டிஎம்ஐ-யில் செருகிவிட்டு ஆப்ஷன் வரவில்லை என்று தேடிப் பயனில்லை.

எந்த அளவு வாங்குவது? 24 அங்குலம் என்றால் 1080 சரி. 27 அங்குலத்தில் 1080 வாங்காதீர்கள். அங்குலத்துக்கு 82 பிக்சல்தான் வரும், எழுத்துகளின் ஓரம் பிசிறடிக்கும். அதே 27-இல் 1440 என்றால் 109. '1440-க்கு என் கார்டு தாங்காது' என்ற பயம் பாதிதான் நியாயம். பிக்சல் எண்ணிக்கை 20.7 லட்சத்திலிருந்து 36.9 லட்சமாக ஏறுவது உண்மை. ஆனால் ஆர்டிஎக்ஸ் கார்டுகளில் மட்டும் கிடைக்கும் டிஎல்எஸ்எஸ் (சிறிதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் வசதி) குவாலிட்டியில் 1440-க்கு உள்ளே வரையப்படுவது 1707-க்கு 960, அதாவது சுமார் 16.4 லட்சம் பிக்சல். நேரடி 1080-ஐ விடக் குறைவு. அப்ஸ்கேலிங்குக்கும் கொஞ்சம் நேரம் போகும், ஆனாலும் கணக்கு சாதகம்தான். ஆர்டிஎக்ஸ் கார்டுக்கு மாறப்போகிறவர் 1440 மானிட்டரை இப்போதே வாங்கி வைக்கலாம் என்பது என் கட்சி. நல்ல மானிட்டர் இரண்டு கார்டுகளைத் தாண்டி நிற்கும்.

கார்டு வாங்கும்போது பழைய மதர்போர்டை மறந்துவிடக் கூடாது. ஐ5-8400 காலத்துப் போர்டில் கார்டு செருகும் பாதை பிசிஐஇ 3.0. ஆர்டிஎக்ஸ் 4060, 5060 இரண்டுமே 8 லேன் (டேட்டா போகும் தடம்) கார்டுகள், இரண்டிலும் 8 ஜிபி. விரேம் நிரம்பி வழிந்தால் மீதி டேட்டா அந்த 8 லேன் வழியாக ரேமுக்கும் கார்டுக்குமாக அலையும், 3.0-இல் அந்தப் பாதையின் வேகம் 4.0-இல் இருப்பதில் பாதிதான். சராசரி எஃப்பிஎஸ் நன்றாகவே தெரியும், ஆனால் திரும்பும் இடமெல்லாம் வெட்டி வெட்டி ஓடும். ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி இரண்டும் 16 லேன், விரேமும் தாராளம். பழைய போர்டுக்கு நான் இவற்றைத்தான் சொல்வேன். இன்டெல் ஆர்க் பி580 விலையைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். பழைய பிராசஸரோடு சேர்ந்தால் அதன் டிரைவர் சுமை எஃப்பிஎஸ்ஸைத் தின்றுவிடும்.

பிசிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் இன்னொரு கண்டம். 1060 குடிப்பது 120 வாட், பெரும்பாலும் 6 பின் இணைப்பு. 3060-க்கு 170 வாட், 9060 எக்ஸ்டி 16 ஜிபிக்கு 160. இவை பெரும்பாலும் 8 பின் கேட்கும். உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸில் 8 பின் இல்லையென்றால் மோலெக்ஸ் கன்வெர்ட்டர் போட்டுச் சமாளிக்காதீர்கள். 8 பின்னில் 150 வாட் வரை இழுக்கலாம் என்று கார்டு நம்பும். மெல்லிய மோலெக்ஸ் வயரும் அதன் பின்களும் சூடேறி உருகலாம். 8 பின்கூட இல்லாத அளவுக்குப் பழைய எஸ்எம்பிஎஸ் என்றால் அதை மாற்றும் நேரமும் வந்துவிட்டது. தரமான 550 வாட் போதும்.

மானிட்டர் வந்ததும் விண்டோஸில் டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் ரிஃப்ரெஷ் ரேட்டை நீங்களே 144-க்கு மாற்றுங்கள். புது மானிட்டரை மாதக்கணக்கில் 60-இலேயே ஓட்டுபவர்கள் நிறையப் பேர். என்விடியா கன்ட்ரோல் பேனலில் ஜி-சிங்க்கை (ஃப்ரீசிங்க் மானிட்டருக்கும் இதே ஆப்ஷன்தான்) ஆன் செய்து, அங்கேயே வி-சிங்க்கையும் ஆன் செய்து, கேமுக்குள் அதை ஆஃப் செய்து, ஃபிரேம் லிமிட்டை 141 வையுங்கள். லிமிட் இல்லாமல் 144-ஐ முட்டினால் அந்த இடத்தில் வி-சிங்க் பிடித்துக்கொள்ளும், மவுஸ் கனமாகிவிடும்.