ஜென்செட்டை முழுச் சுமையில் ஓட்டிப் பார்த்தீர்களா?

ஜொகூரில் கூலாய் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், செம்பனை நின்ற இடங்களில் இப்போது ஜன்னலே இல்லாத பெரிய பெரிய கட்டடங்கள் எழும்புகின்றன. கூலாய் யங் எஸ்டேட் நிலத்தில் 500 மெகாவாட் அளவுக்குத் திட்டமிட்ட டேட்டா சென்டர் (சர்வர் கணினிகளை அடுக்கி வைத்து இரவு பகலாக ஓட்டும் கட்டடம்) பூங்கா, செடெனாக்கில் இன்னும் சில டேட்டா சென்டர்கள். நம் பிள்ளைகள் பலர் அங்கே டெக்னீஷியனாகவும் சார்ஜ்மேனாகவும் (மின்சாதனங்களைக் கவனிக்கும் பொறுப்பாளர்) வேலைக்குப் போகிறார்கள், எனக்கு அதில் ரொம்பப் பெருமை. ஆனால் பேக்கப், அதாவது கரண்டு போனால் கைகொடுக்கும் மாற்று மின்சாரம், பற்றிப் பேச்செடுத்தால் "அண்ணே, கரண்டு போனா என்ன, அதான் ஜென்செட் இருக்கே" என்கிறார்கள். ஜென்செட் என்கிற டீசல் ஜெனரேட்டர் இருந்தால் மட்டும் போதாது தம்பி. கடைசியாக எப்போது நிஜமான மின்சுமையைக் கொடுத்து ஓட்டினார்கள் என்று கேட்க வேண்டும்.

கரண்டு போனால் என்ன நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். டிஎன்பி (தெனாகா நேஷனல் மின்வாரியம்) லைன் அறுந்த அந்த நொடியில் சர்வர்களைத் தாங்குவது யுபிஎஸ் பேட்டரி (கரண்டு நிற்காமல் உடனே கொடுக்கும் சாதனத்தின் பேட்டரி), ஜென்செட் அல்ல. டீசல் என்ஜின் கிளம்பி, வேகம் பிடித்து, சுமையை ஏற்கப் பத்துப் பதினைந்து நொடியாவது ஆகும், பல ஜென்செட்டுகள் ஒன்றோடொன்று இசைந்து சேர வேண்டுமென்றால் இன்னும் கொஞ்சம் கூடும். பேட்டரி பொதுவாக ஐந்து முதல் பதினைந்து நிமிடம் வரை தாங்கும். அதற்குள் என்ஜின் கிளம்பியாக வேண்டும், முதல் தடவை கிளம்பாவிட்டால் மறுபடி முயலவும் அந்த நேரம்தான். இதில் பலர் மறப்பது குளிரூட்டலை. சர்வர் பேட்டரியில் ஓடிக்கொண்டே இருக்கும், நீரைக் குளிரவைக்கும் சில்லர் இயந்திரம் நின்றுபோயிருக்கும், அது மறுபடி முழுதாகக் கிளம்பச் சில நிமிடம் பிடிக்கும். ஏஐ வேலைக்கான நெருக்கமான ரேக்குகளில் (சர்வர் அடுக்குகளில்) அந்தச் சில நிமிடமே அதிகம். அதனால்தான் குளிர்நீர் பம்புகளையும் யுபிஎஸ்ஸில் போடுகிறார்கள், குளிர்ந்த நீரைத் தொட்டியில் தேக்கியும் வைக்கிறார்கள்.

சரி, ஜென்செட்டுக்கு வருவோம். செம்பனை ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு ஜென்செட் பழகிய சாமான். ஆலை ஓடும்போது செம்பனைப் பழத்தின் நார்க் கழிவையும் கொட்டை ஓடுகளையும் எரித்து, நீராவி டர்பைனிலேயே மின்சாரம் எடுத்துக்கொள்வோம். ஆனால் கொதிகலன் ஆறிக் கிடக்கும்போது எல்லாவற்றையும் முதலில் எழுப்பிவிடுவது டீசல் ஜென்செட்தான். அடிக்கடி உண்மையான வேலை செய்வதால் ஒரு கோளாறு என்றால் உடனே தெரிந்துவிடும். டேட்டா சென்டரில் அதே இயந்திரம் வருடத்தில் பெரும்பகுதி சும்மா நிற்கிறது, பிரச்சினையே அங்குதான் ஆரம்பிக்கிறது.

பல இடங்களில் மாதம் ஒரு முறை சுமையில்லாமல் கொஞ்ச நேரம் ஓட்டி, "ஓகே" என்று புத்தகத்தில் எழுதிவிடுகிறார்கள். இது நல்லதைவிடக் கெடுதல்தான் அதிகம் செய்யும். சுமையில்லாத என்ஜின் போதுமான அளவு சூடாகாது, டீசல் முழுதாக எரியாது, எரியாத எண்ணெயும் கரியும் சேர்ந்து புகைக்குழாய் இணைப்புகளில் கறுப்பாகப் பிசுபிசுவென்று வழியும். அதைப் பார்த்தாலே அந்த என்ஜினை எப்படி ஓட்டியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். மாதம் ஒரு முறை குறைந்தது 30 சதவீதச் சுமையில் 30 நிமிடம் ஓட்ட வேண்டும் என்கிறது அமெரிக்காவின் தீத்தடுப்புச் சங்கம் வகுத்த என்எஃப்பிஏ 110 விதி. என்னைக் கேட்டால் அதுவும் குறைந்தபட்சம்தான். வருடத்துக்கு ஒரு முறையாவது லோட் பேங்க் (செயற்கையாக மின்சுமை கொடுக்கும் சோதனைக் கருவி) கொண்டுவந்து முழுச் சுமையில் சில மணி நேரம் ஓட்டிப் பார்க்காமல் நிம்மதியாகத் தூங்க முடியாது.

அப்புறம் டீசல். நம் நாட்டு டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த பயோடீசல் கலந்திருக்கிறது, 2019-இல் வாகனங்களுக்குப் பி10 (பத்து சதவீதக் கலப்பு), தொழில்துறைக்குப் பி7 (ஏழு சதவீதம்) என்று கொண்டுவந்தார்கள். ஓடிக்கொண்டே இருக்கும் லாரிக்கு இதனால் தொந்தரவில்லை. மாதக்கணக்கில் தேங்கி நிற்கும் எண்ணெய்க்கு உண்டு, ஏனென்றால் பயோடீசல் சாதா டீசலைவிடத் தண்ணீரை அதிகம் பிடித்து வைத்துக்கொள்ளும், நம் ஊர் ஈரக்காற்று வேறு டேங்க்கின் காற்றுக்குழாய் வழியே இரவும் பகலும் போய்வருகிறது. டேங்க்கின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். கீழே தண்ணீர், மேலே டீசல், இரண்டும் சந்திக்கிற இடத்தில் பழுப்பாகச் சளி மாதிரி ஒரு படலம் தெரிந்தால் அது பூஞ்சையும் பாக்டீரியாவும். அது ஃபில்டரை அடைத்துவிடும். சுமையில்லாத சோதனையில் என்ஜின் கொஞ்சம்தான் எண்ணெய் குடிப்பதால் ஒன்றும் தெரியாது. நிஜமாகவே கரண்டு போய் முழுச் சுமை ஏறும்போதுதான், பேட்டரியும் தீர்ந்துபோன நேரத்தில், எண்ணெய் வராமல் என்ஜின் திணறி நிற்கும். டேங்க் நிறைய டீசல் இருந்து என்ன பிரயோஜனம்? அதனால் எண்ணெயைச் சுற்றவிட்டு வடிகட்டுவதையும், அடித்தண்ணீரை வடிப்பதையும் செலவு என்று தள்ளிப் போடக் கூடாது. ஜென்செட் கிளம்பாமல் போவதற்கு அடிக்கடி காரணமாவது இதைவிடச் சின்ன விஷயம், என்ஜினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் பேட்டரி. அதன் முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தால் அன்றைக்கே சுத்தம் செய்யுங்கள்.

இங்கே கரண்டு அப்படியெல்லாம் போகாது என்று நினைப்பவர்களுக்கு 1996 ஆகஸ்ட் 3 ஞாபகமிருக்கலாம். திரெங்கானுவின் பாக்கா மின்நிலையம் பக்கம் தொடங்கிய ஒரு கோளாறில் தீபகற்பம் முழுக்க இருண்டது.

பாதுகாப்பு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பேட்டரி அறை. ஈய அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும், காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றும். அதிகமாகச் சார்ஜ் ஏறுவது கரண்டு போய் வந்த பிறகுதான். ஆகவே அந்த அறையின் காற்றாடி ஜென்செட்டிலும் ஓட வேண்டும், இதைச் சரிபார்க்காமல் விடாதீர்கள். சூட்டையும் கவனிக்க வேண்டும், 25 டிகிரிக்கு மேல் ஏறத்தாழ ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அந்த பேட்டரியின் ஆயுள் பாதியாகிவிடும். லித்தியம் பேட்டரி இடத்தை மிச்சப்படுத்தும், ஆனால் பற்றிக்கொண்டால் அணைப்பது பெரும்பாடு. 2022 அக்டோபர் 15 அன்று தென்கொரியாவின் பாங்யோ டேட்டா சென்டரில் பேட்டரி அறை எரிந்தபோது, தண்ணீர் பாய்ச்சுவதற்காகக் கட்டடத்தின் மின்சாரத்தையே நிறுத்த வேண்டி வந்தது, அந்நாட்டு மக்கள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் காக்காவோ சேவைகள் நாட்கணக்கில் முடங்கின. 2025 செப்டம்பர் 26 அன்று அதே நாட்டின் டேஜோனில், உத்தரவாதக் காலம் தாண்டிய யுபிஎஸ் பேட்டரிகளை இடம் மாற்றும்போது தீப்பிடித்து, அறுநூறுக்கும் மேற்பட்ட அரசாங்கக் கணினி அமைப்புகள் நின்றன. சர்வர் இருக்கும் அறைக்குப் பக்கத்திலேயே பேட்டரியை வைத்தால், கரண்டு போகாமல் காக்க வாங்கியதே எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும்.

புதிதாக வேலைக்குச் சேரும் தம்பி தங்கைகள் முதல் வாரத்திலேயே பேட்டரிகளின் தயாரிப்புத் தேதியையும், கடைசி லோட் பேங்க் அறிக்கையையும், டீசல் மாதிரியின் சோதனை முடிவையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். யாராவது முகம் சுளித்தாலும் பரவாயில்லை, கேளுங்கள்.