ஓடா கான்கிரீட்டா, யார் முடிவு?

எங்கள் பக்கம் யாராவது பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மேலே கான்கிரீட் போட்டால், "கல்ஃப் பணம் செய்யுற வேலை" என்று ஒரு பேச்சு உடனே வந்துவிடும். பணத்துக்கும் பங்கு உண்டு, சரி. ஆனால் குமரி மாவட்டத்தில் ஒரு வீட்டுக்கு எந்தக் கூரை, என்ன மரம், எத்தனை அறை என்பதை வீட்டுக்காரனைவிட அதிகமாக முடிவு செய்தது அரசாங்கம்தான், ராஜா காலத்திலும் சரி, கலெக்டர் காலத்திலும் சரி.

அன்று குமரி இருந்தது திருவிதாங்கூர் ராஜாவின் கீழ். அந்த ஆட்சியில் நாடார், ஈழவர் போன்ற சாதியினர் ஓடு போடக்கூடாது, மாடி கட்டக்கூடாது. கையில் காசு இருந்தாலும் ஓலைதான். பெண்கள் மார்பை மறைத்து உடுத்தும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டம் நம் எல்லாருக்கும் தெரியும், 1859இல் ராஜா உத்தரவு போட்டதும் தெரியும், கூரைக்கும் தடை இருந்தது என்று சொன்னால் மட்டும் "அப்படியா?" என்கிறார்கள். ஆக, இன்று "நம்ம பாரம்பரிய வீடு" என்று ரீல்ஸ் போடுகிற முற்றத்தைச் சுற்றிய நாலுகட்டும் வாசல் படிப்புரையும் அன்று அனுமதி இருந்தவர்களின் வீடு. மற்றவர்களின் பாரம்பரியம் பனையோலை, அதற்கு யார் லைக் போடுவார்கள்? மரத்திலும் இதே கதை. தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் எல்லாம் ராஜ மரங்கள், சொந்த விளையில், அதாவது தோட்டத்தில், நின்றாலும் சர்க்காருக்குத்தான். பழைய வீடுகளில் கூரையைத் தாங்கும் கழுக்கோலும், கதவும் அயனியிலும் பலாவிலும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அப்புறம் பாகப்பிரிவினை வந்தது. நாஞ்சில் நாட்டு வெள்ளாளர்கள் மருமக்கள்வழிக்காரர்கள். சொத்து மாமனிடமிருந்து சகோதரியின் மகனுக்குப் போகும், குடும்பச் சொத்தை லேசில் பிரிக்க முடியாது. 1926இல் வந்த நாஞ்சில்நாட்டு வெள்ளாளர் சட்டம் அதை மாற்றி, பிரிவினைக்கு வழி திறந்துவிட்டது. எங்கள் அம்மை வழி வீட்டில் அந்த வழி பட்டாசல் என்கிற கூடத்தின் நடுவே ஒரு சுவராக நின்றது. தரையிலிருந்து மச்சு வரை செங்கல், ஒரு பக்கம்தான் பூச்சு, மறுபக்கத்துக்காரர் பூசுவார் என்று இவர்களும் இவர்கள் பூசுவார்கள் என்று அவர்களும் விட்டுவிட்டார்கள். பூ செதுக்கிய உத்திரம் சுவருக்குள் புகுந்து அந்தப் பக்கம் வெளிவரும். நெல் போட்டு வைக்கிற பத்தாயம் பெரிய மாமாவின் பங்கில் மாட்டிக்கொண்டது, வாசல் வழியே வெளியே எடுக்க முடியாத அளவு பெரிசு, ஆனால் நெல் விளைந்த வயல் கிடைத்ததோ சின்ன மாமாவுக்கு. அடுக்களை ஒரு பங்குக்குப் போனதால் இன்னொரு வீட்டுக்குத் தாழ்வாரத் தார்சாவே அடுக்களை. கிணற்றை மட்டும் பிரிக்க முடியாமல் இரண்டு கப்பி போட்டார்கள். பார்க்கக் கண்றாவிதான், ஆனாலும் நான் அந்தச் சட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். அதற்கு முன்பு புருஷன் செத்த வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகளின் நிலை என்னவாக இருந்தது என்று எங்கள் ஆச்சி சொல்லிக் கேட்டவர்கள், சுவரைப் பார்த்து வருத்தப்பட மாட்டார்கள்.

1956 நவம்பர் 1ஆம் தேதி குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, நாம் இந்தப் பக்கம் வந்தோம். தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கிற பத்மநாபபுரம் அரண்மனையை மட்டும் கேரள அரசு வைத்துக்கொண்டு இன்றுவரை பராமரிக்கிறது. நம் வீடுகளுக்குத் தமிழ்நாட்டின் வீட்டுத் திட்டங்கள் வந்தன.

2010இல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம், அடுத்த ஆண்டே ஆட்சி மாறி சூரிய விளக்கோடு 300 சதுர அடியில் பசுமை வீடு, 2024இலிருந்து கலைஞர் கனவு இல்லம். பெயர் மாறும், கூரை மாறாது. கனவு இல்லத்துக்கு மூன்றரை லட்சம் ரூபாய், 360 சதுர அடி, அதில் 300 கட்டாயம் கான்கிரீட். அஸ்திவாரம், லிண்டல், கூரை என்று ஒவ்வொரு கட்டமாக போட்டோ எடுத்து ஏற்றினால்தான் அடுத்த தவணை வரும், அதனால் நடுவில் "ஒரு திண்ணை வச்சுக்கலாமே" என்று மனசு மாறினாலும் கொத்தனார் கையை விரித்துவிடுவார். மிச்சமிருக்கிற 60 சதுர அடியில்தான் மனிதர்கள் தங்கள் விருப்பத்தைக் காட்டுகிறார்கள். எங்கள் தெருவில் ஒரு அக்கா அந்த இடத்தில் பழைய ஓட்டைப் போட்டு, கீழே விறகடுப்பு வைத்திருக்கிறார், கேஸ் உள்ளே, மீன்குழம்பு வெளியே!

கான்கிரீட்டைத் திட்டவும் மனசு வரவில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது ஓடு பறந்த வீட்டுக்காரர்கள் எல்லாம் ஓடிப்போய் உட்கார்ந்தது பக்கத்து கான்கிரீட் வீட்டில்தான்.

என் பிரச்சினை வேறு. கனவு இல்லம் குடிசைக்குப் பதிலாகத் தருவது. குடிசையும் இல்லாமல் கான்கிரீட்டும் இல்லாமல் நடுவில் நிற்கிற ஓட்டு வீட்டுக்காரர் எங்கே போவார்? பழைய வீடுகளைப் பழுதுபார்க்க ஒரு திட்டம் உண்டு, அதுவும் அரசு கட்டிக்கொடுத்த பழைய வீடுகளுக்குத்தான். ஆனால் கிராமப் பஞ்சாயத்து வீட்டு வரி போடும்போது பாருங்கள், கூரை வீடு, ஓட்டு வீடு, கான்கிரீட் வீடு என்று அழகாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வரி வாங்கும்போது ஓட்டு வீடு தனி வகை, உதவி என்று வரும்போது அப்படி ஒரு வகையே கிடையாது.

போன மழைக்கு முன்னால் எங்கள் வீட்டுக் கூரையைப் பார்க்க வந்த ஆசாரி மேலே ஏறித் தட்டிப் பார்த்துவிட்டு, "கழுக்கோலுக்கு ஒண்ணும் ஆகல்ல மக்கா, ரீப்பர்தான் செல்லரிச்சுப் போச்சு" என்றார். ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டங்களை மாற்றி, உடைந்த ஓட்டை மாற்றினால் இன்னும் பல வருஷம் நிற்கும் கூரை. அந்தச் செலவுக்கு வழியில்லாத வீடுகளில் பழைய மரம் வாங்குகிறவர்தான் முதலில் வந்து விலை பேசுகிறார்.

கிராம சபையில் இதை எழுதிக் கொடுத்தேன். ஓடு மாற்றவும் உதவி வேண்டும், புது வீடு கட்டும் பணத்தில் ஒரு பங்கு போதும் என்று. வாங்கிப் படித்தவர், "இதை எந்தத் திட்டத்துல சேர்க்க?" என்று என்னிடமே கேட்டார். ஜனவரி 26 கூட்டத்திலும் கொடுக்கப் போகிறேன், இந்த முறை வீட்டு வரி ரசீதையும் சேர்த்து.