கோர்வேரின் எண்ணெய்க் கசிவு: 12 குழாய், 24 ஓ-ரிங்

செவ்ரோலே கோர்வேர் என்ற பழைய அமெரிக்கக் காரை வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது "எண்ணெய் ஒழுகுமே?" என்றுதான். ஒழுகும். ஆனால் அது இன்ஜினின் பிறவிக் குணம் இல்லை. வால்வுகளை இயக்கும் கம்பிகள் (புஷ்ராடு) ஓடும் 12 குழாய்களின் இரு முனைகளிலும் உள்ள 24 ரப்பர் வளையங்கள் (ஓ-ரிங்) கெட்டியாகிவிட்டன, அவ்வளவுதான். இன்ஜினை இறக்காமலே அவற்றை மாற்றிவிடலாம். நாங்கள் செய்து முடித்த வரிசையிலேயே எழுதுகிறோம்.

ஃபோக்ஸ்வேகன் பீட்டில் அமெரிக்காவில் நன்றாக விற்கத் தொடங்கியபோது, ஃபோர்டு ஃபால்கனையும் கிரைஸ்லர் வேலியன்ட்டையும் வழக்கம்போல் முன்புற இன்ஜின், தண்ணீர்க் குளிர்ச்சியோடு கொண்டுவந்தன. செவ்ரோலேயின் பொது மேலாளர் எட் கோல் வேறு வழியில் போனார். பின்பக்கத்தில் காற்றால் குளிரும் ஆறு சிலிண்டர் இன்ஜின். மூன்று இடம், மூன்று வலம். கிராங்க்கேஸும் ஹெட்டும் அலுமினியம், சிலிண்டர்கள் வார்ப்பிரும்பு. 1959 அக்டோபரில் விற்பனைக்கு வந்தபோது 2.3 லிட்டர், 80 குதிரைத்திறன். 1964-இல் 2.7 லிட்டரானது. 1969 வரை 18 லட்சம் வண்டிகளுக்கு மேல் வெளிவந்தன.

புஷ்ராடு குழாய்கள் சிலிண்டர்களுக்கு அடியில், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை ஒட்டி ஓடுகின்றன. ராக்கருக்கு (வால்வை அழுத்தும் நெம்புகோல்) ஏறிய எண்ணெய் கிராங்க்கேஸுக்குத் திரும்புவதும் இவற்றின் வழியேதான். அந்தச் சூட்டில் அன்றைய நைட்ரைல் ரப்பர் சில ஆண்டுகளில் பிளாஸ்டிக் போல இறுகிவிடும். கசியும் எண்ணெய் சூடான இரும்பில் பட்டுப் புகையும். 1961 முதல் பெரும்பாலான வண்டிகளின் ஹீட்டர், சிலிண்டர்களைத் தடவி வரும் காற்றைத்தான் உள்ளே அனுப்புகிறது. "கோர்வேர் நாற்றம்" என்பது இதுதான். எக்ஸாஸ்ட் கேஸ்கெட்டும் கசிந்தால் கார்பன் மோனாக்சைடும் அதே வழியில் வரும். எனவே இந்த வேலையின்போது எக்ஸாஸ்ட் இணைப்புகளையும் கட்டாயம் பார்த்துவிடுங்கள்.

முதலில் கசிவு எங்கே என்று உறுதி செய்யுங்கள். மேலே இருக்கும் பெரிய விசிறி எண்ணெயை எல்லாப் பக்கமும் தெளித்துவிடும். அழுக்கு இன்ஜினைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. டிகிரீசர் போட்டுக் கழுவி, 20 நிமிடம் ஓட்டி, அணைத்துவிட்டு டார்ச்சோடு கீழே படுங்கள். சிலிண்டர் வரிசைக்கு அடியில் ஈரம் என்றால் குழாய். ஆயில் கூலரின் இரண்டு சீல்களும், ஃபில்டர் அடாப்டர் கேஸ்கெட்டும் இதே தோற்றத்தில் கசியும்; அவை மேலிருந்து வழிந்து இறங்கும். கியர்பாக்ஸ் இணையும் இடத்தில் சொட்டினால் அது கிராங்க் சீல். அதற்கு இன்ஜினை இறக்கித்தான் ஆக வேண்டும், குழாய் மாற்றிப் பயனில்லை.

வாங்க வேண்டியவை: வைட்டான் (சூடு தாங்கும் ரப்பர்) ஓ-ரிங் 24, ராக்கர் ஸ்டட்டுகளுக்கு அடியில் உட்காரும் சிறிய ஓ-ரிங் 12, வால்வு கவர் கேஸ்கெட் 2. விலை குறைவு என்று நைட்ரைல் வாங்காதீர்கள். திரும்பவும் இதே வேலைதான். நிறத்தை வைத்து வைட்டான் என்று நம்பவும் கூடாது, பொருளின் பெயர் போட்டிருப்பதை வாங்குங்கள்.

இன்ஜின் ஆறியிருக்கட்டும். பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். வால்வு கவரைத் திறந்ததும் எண்ணெய் கொட்டும், தட்டு வையுங்கள். ராக்கர் நட்டுகளைக் கழற்றி ராக்கர், பந்து, புஷ்ராடு எல்லாவற்றையும் துளையிட்ட அட்டையில் வரிசையாகச் செருகி எண் போடுங்கள். தேய்ந்து ஜோடி சேர்ந்த உறுப்புகள் இவை. இடம் மாறினால் சத்தம் வரும்.

கவனம் தேவைப்படும் இடம் அடுத்தது. கோர்வேரில் ராக்கர் ஸ்டட், ஹெட்டைப் பிடிக்கும் நட்டாகவும் வேலை செய்கிறது. ஒரு பக்கத்தின் ஆறையும் ஒரே நேரத்தில் தளர்த்தினால் ஹெட்டின் கீழ்ப்பக்கப் பிடிமானம் போய் கேஸ்கெட் கெடலாம். ஆகவே ஒரு சிலிண்டர், அதாவது இரண்டு ஸ்டட், இரண்டு குழாய். அதை முடித்து இறுக்கிவிட்டுத்தான் அடுத்தது. முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். இல்லையென்றால் நட்டுக்குப் பதில் நீளமான ஹெட் ஸ்டட்டே அலுமினியத்திலிருந்து மரையைப் பிடுங்கிக்கொண்டு வரும். அப்படி வந்தால் இன்ஜினை இறக்கி மரைக்கு இன்சர்ட் போட வேண்டியதுதான். இந்த வேலையில் நடக்கக்கூடிய மிகப் பெரிய சேதம் இது.

ஸ்டட்டும் வழிகாட்டித் தகடும் வந்தபின் குழாயை மெல்லத் திருகி அசைத்து வெளிப்பக்கமாக இழுங்கள். பிளையரால் நசுக்கினால் வட்டம் கெட்டு, புது ஓ-ரிங்கும் ஒழுகும். குழாய் வந்ததும் உள்ளே இருக்கும் லிஃப்டர் (புஷ்ராடைத் தள்ளும் உருளை) நழுவி வரப் பார்க்கும். அது அதே துளைக்கே திரும்ப வேண்டும். பழைய ரப்பர் துண்டுகளை மரக்குச்சியால் சுரண்டி, ஹெட்டிலும் கிராங்க்கேஸிலும் உள்ள துளைகளை விரல் விட்டுத் தடவிப் பாருங்கள். கரி ஒட்டியிருந்தால் அதுவே அடுத்த கசிவு. புது வளையத்தில் எண்ணெய் தடவி, முறுக்காமல் பள்ளத்தில் இட்டு, கையழுத்தத்திலேயே குழாயை உட்கார வையுங்கள். சுத்தியல் வேண்டாம், வளையம் வெட்டுப்படும்.

ஸ்டட்டுகளை ஏறத்தாழ 30 முதல் 35 அடி-பவுண்டு வரை படிப்படியாக இறுக்குங்கள். ஆண்டுக்கு ஆண்டு அளவு சற்று மாறுவதால் உங்கள் வண்டிக்கான கையேட்டை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். புஷ்ராடில் பக்கத்துளை உள்ள முனை ராக்கர் பக்கம் வர வேண்டும். தலைகீழாகப் போனால் ராக்கருக்கு எண்ணெய் சரியாகப் போகாது.

வால்வு அமைப்பதற்கு 1-4-5-2-3-6 வரிசை. முதல் சிலிண்டரை அழுத்தத்தின் உச்சிக்குக் கொண்டுவந்து, புஷ்ராடின் ஆட்டம் நிற்கும் வரை நட்டை இறுக்கி, அதற்குமேல் ஒரு முழுச் சுற்று. பிறகு கிராங்க்கை 120 டிகிரி திருப்பினால் அடுத்த சிலிண்டர். இந்த இன்ஜின் மற்ற அமெரிக்க இன்ஜின்களுக்கு எதிர்த்திசையில் சுற்றுவதை மறக்க வேண்டாம். முடித்ததும் அரை மணி நேரம் விடுங்கள், லிஃப்டர்கள் எண்ணெயை விட்டு அமரட்டும்.

மேல் தகடுகளைத் திறந்து சிலிண்டர் விலாக்களையும் பாருங்கள். கசிந்த எண்ணெயில் தூசியும் இலையும் ஒட்டிக் காற்று வழி அடைபட்டிருக்கும்; எலிக் கூடு இருப்பதும் சகஜம். அப்படியே ஓட்டினால் ஹெட் கொதித்து வால்வு சீட் கழன்று விழும்.

சாலையில் இறக்கும் முன் டயர் காற்று: முதல் தலைமுறை வண்டிகளுக்குக் குளிர்ந்த நிலையில் முன்னால் 15, பின்னால் 26 பவுண்டு. நான்கிலும் ஒரே அளவு நிரப்புவது 1960–63 ஸ்விங் ஆக்சில் (பின்சக்கரம் ஆக்சிலோடு சேர்ந்து சாயும் அமைப்பு) வண்டிகளுக்கு ஆபத்து. நுகர்வோர் உரிமைக்காகப் போராடிய வழக்கறிஞர் ரால்ஃப் நேடர் 1965-இல் எழுப்பிய குற்றச்சாட்டு இந்த ஆக்சிலைப் பற்றியதுதான். அக்காலத்து மற்ற கார்களைவிட இது அதிகம் கவிழ்வதில்லை என்று அமெரிக்க அரசுச் சோதனை 1972-இல் சொன்னது. ஆனாலும் அந்த 15-க்கும் 26-க்கும் காரணம் இருக்கிறது, மாற்றாதீர்கள்.

விசிறி பெல்ட் செங்குத்துப் புல்லியிலிருந்து கிடைமட்டப் புல்லிக்கு முறுக்கிக்கொண்டு போகிறது. துணி சுற்றிய பெல்ட்தான் இதற்குச் சரி. அதிகம் இறுக்கினால் விசிறி பேரிங் போகும், தளர்ந்தால் பெல்ட் கழன்று விழும். டாஷ்போர்டில் GEN-FAN எச்சரிக்கை விளக்கு எரிந்தால் உடனே நிறுத்துங்கள், குளிர்ச்சி முழுவதும் அந்த ஒரு பெல்ட்டில்தான் இருக்கிறது. மாற்றுப் பெல்ட் ஒன்றும் 9/16 ஸ்பேனரும் முன்பக்க டிக்கியில் எப்போதும் இருக்கட்டும்.